சந்தையில் எழுந்த தலைமை

நுழையும்முன்

கற்றவர் கல்லாதவருக்காகப் பேசுவது எளிது. கல்லாதவரோடு ஒன்றாக அமர்ந்து, அவர்தம் துயரை அவர்கள் வாயாலேயே உலகறியச் சொல்லவைப்பது அரிது. அந்த அரிய பணியைச் செய்தவர் ஆப்பிரிக்கப் பெண் விடுதலை வரலாற்றில் நிலைத்த இடம்பெற்ற ஃபுன்மிலாயோ ரன்சம் குட்டி. பெண்ணுரிமைச் சிந்தனை ஆப்பிரிக்க மண்ணில் வேர்கொண்ட முறையையும், அடையாளத்திற்கும் அதிகாரத்திற்கும் உள்ள தொடர்பையும் அவரது வாழ்க்கை வழியே இப்பாடம் விளக்குகிறது.

பாறையடி நகரம்

மேற்கு ஆப்பிரிக்காவில் அமைந்துள்ள நைஜீரியாவின் தென்மேற்குப் பகுதியில் யொரூபா மக்கள் வாழ்கின்றனர். அவர்களுள் ஒரு பிரிவினர் எக்பா மக்கள். உள்நாட்டுப் போர்களால் ஊரிழந்து சிதறிய எக்பா மக்கள் 1830ஆம் ஆண்டளவில் ஓலுமோ என்னும் பெரும்பாறையின் அடிவாரத்தில் ஒன்றுகூடி ஒரு நகரை அமைத்தனர். பாறைக்குக் கீழே உள்ள இடம் என்னும் பொருளில் அந்நகர் அபியோகுட்டா எனப் பெயர்பெற்றது.

அபியோகுட்டாவின் உயிர்நாடி அதன் சந்தைகளே. செம்பனை எண்ணெய், கோலாக்கொட்டை, மரவள்ளி மாவு, அவுரிச் சாயமிட்ட துணிகள் ஆகியவற்றை வாங்குவோரும் விற்போரும் பெரும்பாலும் பெண்களாகவே இருந்தனர். கணவரின் வருவாயை எதிர்பாராமல் தம் முதலைத் தாமே ஈட்டுதல் யொரூபாப் பெண்களின் மரபு. சந்தை ஒழுங்கு, விலை, வழக்கு ஆகியவற்றை அவர்களே கவனித்தனர். பெண்கள் சார்பாக அரசவையில் பேசுவதற்கு இயலோடே என்னும் பட்டம் பெற்ற தலைவி ஒருவர் இருந்தார். பெருவணிகராக விளங்கிய தினுபு அம்மையார் 1864இல் எக்பா மக்களின் முதல் இயலோடே ஆனார்.

இம்மரபில் முழுமையான சமத்துவம் நிலவியது எனக் கருதுதல் பிழையாகும். பெருஞ்செல்வரான பெண்களிடமும் அடிமைகள் இருந்தனர். அரசவையில் ஆண்களே மிகுதி. ஆயினும் பெண்களுக்கென ஓர் இருக்கை அங்கே இருந்தது. அந்த இருக்கை பறிபோன கதையும், அதனை மீட்க ஒரு பெண் நடத்திய போராட்டமுமே இவ்வரலாறு.

பிறப்பும் கல்வியும்

ஃபுன்மிலாயோ 1900ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள் அபியோகுட்டாவில் பிறந்தார். தந்தை டேனியல் தாமஸ் செம்பனைப் பொருள்களை விற்ற வணிகர்; தாய் லுக்ரீஷியா ஆடை தைக்கும் தொழில் செய்தவர். தந்தைவழி முன்னோர் அடிமைகளாகப் பிடிக்கப்பட்டு, பின்னர் விடுவிக்கப்பட்டுச் சியரா லியோனில் குடியேறி, அங்கிருந்து தாயகம் திரும்பியவர்கள். அவ்வாறு திரும்பிய குடும்பங்கள் கிறித்தவ சமயத்தையும் ஆங்கிலக் கல்வியையும் உடன் கொண்டுவந்தன. எனவே, குழந்தைக்குப் பிரான்சிஸ் அபிகேல் என்னும் ஆங்கிலப் பெயர்களும் இடப்பட்டன.

பெண் குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்புவது வீண்செலவு எனக் கருதப்பட்ட காலம் அது. ஃபுன்மிலாயோவின் பெற்றோர் அவ்வாறு எண்ணவில்லை. 1908இல் ஆண்களுக்காகத் தொடங்கப்பட்ட அபியோகுட்டா இலக்கணப் பள்ளி 1914இல் பெண்களுக்கும் கதவைத் திறந்தபோது, முதலில் சேர்ந்த மாணவியருள் அவரும் ஒருவர். 1919இல் மேற்படிப்பிற்காக இங்கிலாந்து சென்றார். அங்கே இசை, பிரெஞ்சு மொழி, பேச்சுக்கலை, தையல் முதலியவற்றைக் கற்றார்.

இங்கிலாந்து வாழ்க்கை அவருக்குப் பாடநூலில் இல்லாத ஒன்றையும் கற்பித்தது. நிறத்தின் பெயரால் மனிதரைத் தரம் பிரிக்கும் வழக்கத்தை அவர் அங்கே கண்டார். பிரான்சிஸ் அபிகேல் என்னும் பெயர்களைக் கைவிட்டார். மகிழ்ச்சியைத் தந்தருளினார் என்னும் பொருளுடைய தம் யொரூபாப் பெயரான ஃபுன்மிலாயோ என்பதையே வழங்கத் தொடங்கினார். ஒருவரின் பெயர் அவர் யார் என்பதை அறிவிக்கும் முதல் அடையாளம். அதனைத் தாமே தேர்ந்துகொண்டது அவரது வாழ்வின் திசையைக் காட்டிய முதல் செயலாகும்.

இல்லறமும் மகளிர் கழகமும்

1922இல் தாயகம் திரும்பிய ஃபுன்மிலாயோ ஆசிரியப் பணியை மேற்கொண்டார். 1925 ஜனவரி 20ஆம் நாள் இசுரேல் ஒலுடோட்டுன் ரன்சம் குட்டி என்பவரை மணந்தார். அவர் கிறித்தவ குரு, சிறந்த ஆசிரியர், 1931இல் உருவான நைஜீரிய ஆசிரியர் சங்கத்தின் முதல் தலைவர். மனைவியின் பொதுப்பணிக்கு அவர் இறுதிவரை துணைநின்றார். இவர்களுக்கு டொலுபோ என்னும் மகளும், ஒலிகோயே, ஃபெலா, பெக்கோ என்னும் மூன்று மகன்களும் பிறந்தனர்.

1932இல் கணவர் அபியோகுட்டா இலக்கணப் பள்ளியின் தலைமையாசிரியரானார். அவ்வாண்டிலேயே ஃபுன்மிலாயோ அபியோகுட்டா மகளிர் கழகத்தைத் தோற்றுவித்தார். படித்த, வசதிபடைத்த குடும்பங்களைச் சேர்ந்த கிறித்தவப் பெண்களே அதில் உறுப்பினர். தையல், சமையல், நல்லொழுக்கம் ஆகியவற்றைப் பற்றி அவர்கள் கலந்துரையாடினர். நைஜீரியாவில் மகிழுந்து ஓட்டிய முதல் பெண்மணியருள் ஒருவராகவும் ஃபுன்மிலாயோ அறியப்பட்டார். இந்நிலையிலேயே அவரது வாழ்க்கை தொடர்ந்திருந்தால், ஊரார் மதித்த ஓர் ஆசிரியையாக மட்டுமே அவர் நினைவுகூரப்பட்டிருப்பார்.

கற்பித்தவர் கற்ற பாடம்

1940களின் தொடக்கத்தில், எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ள விரும்பிய சந்தைப் பெண் ஒருவர் ஃபுன்மிலாயோவிடம் அறிமுகம் செய்யப்பட்டார். ஒருவர் பலரானார். சந்தைப் பெண்களுக்கான எழுத்தறிவு வகுப்புகள் தொடங்கின.

வகுப்பறையில் எழுத்துகளோடு சந்தையின் துயரங்களும் வந்து சேர்ந்தன. அப்போது இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. படைவீரர்களின் உணவுத் தேவைக்கென அரசு அரிசி வணிகத்தைக் கட்டுப்படுத்தியது. அதனைக் காரணமாகக் காட்டிப் பெண்கள் தலைச்சுமையாகக் கொண்டுவந்த அரிசியை அலுவலர்கள் பறித்தனர். உரிய விலை தரவில்லை. பெண்கள் இதனைத் தம் ஆசிரியையிடம் எடுத்துரைத்தனர். ஃபுன்மிலாயோ அதிகாரிகளிடம் முறையிட்டார். பயன் இல்லாததால் நாளிதழ் வழியே செய்தியை வெளிக்கொணர்ந்தார். அதன்பின் அரிசி பறிப்பு நின்றது.

இந்நிகழ்ச்சி சிறியதாகத் தோன்றலாம். ஆனால் ஃபுன்மிலாயோவின் சிந்தனையை அது மாற்றியது. படித்த பெண்கள் மாலைநேரத்தில் கூடித் தையலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த அதே நகரில், பல்லாயிரம் பெண்கள் உழைப்பின் பயனை இழந்துகொண்டிருந்தனர். பெண்ணின் நிலை உயர வேண்டும் எனப் பேசுவோர், எந்தப் பெண்ணின் நிலை என்பதையும் சொல்ல வேண்டும் என்பதை அவர் உணர்ந்தார். கழகத்தின் கதவுகள் சந்தைப் பெண்களுக்குத் திறக்கப்பட்டன. 1946இல் அது அபியோகுட்டாப் பெண்கள் சங்கம் எனப் புதுப்பெயர் பெற்றது. உறுப்பினர் எண்ணிக்கை ஏறத்தாழ 20,000 ஆக உயர்ந்தது. ஆசிரியையும் துணி வணிகரும், கிறித்தவரும் இசுலாமியரும் மரபுச் சமயத்தவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்தனர்.

மறைமுக ஆட்சியும் பெண்வரியும்

சங்கம் எதிர்கொண்ட பெருஞ்சிக்கல் வரி. அதனை அறிய அக்கால ஆட்சிமுறையை அறிதல் வேண்டும்.

ஆங்கிலேயர் நைஜீரியாவின் பல பகுதிகளை உள்ளூர் அரசர்கள் வழியே ஆண்டனர். இதனை மறைமுக ஆட்சி என்பர். எக்பா அரசர் அலாகே எனப்படுவார். பழைய மரபில் அலாகே தனித்து முடிவெடுப்பதில்லை. குடித்தலைவர்களும் மூத்தோர் அவைகளும் அவரைக் கட்டுப்படுத்தின. காலனி அரசு அலாகேயைத் தனி அதிகாரம் உடையவராக ஆக்கியது. அவர் மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவராக இல்லாமல் ஆங்கில அலுவலருக்குப் பதில் சொல்பவரானார். இந்த அமைப்பில் இயலோடேயின் குரல் மங்கியது. பெண்கள் தலைமை ஏற்க முடியும் என்பதே ஆங்கில அலுவலர்களின் எண்ணத்தில் இல்லை. எனவே மரபின் பெயரால் நடந்த அந்த ஆட்சி, மரபில் பெண்களுக்கு இருந்த இடத்தை மறைத்துவிட்டது.

1920 முதல் இரண்டாம் அடெமோலா அலாகேயாக இருந்தார். நைஜீரியாவின் பெரும்பாலான பகுதிகளில் பெண்கள்மீது தனி வரி இல்லாதிருக்க, அபியோகுட்டாப் பெண்கள் 1918 முதல் தனியே வரி செலுத்திவந்தனர். பெண்மக்கள் 15 வயதிலேயே வரி செலுத்த வேண்டும். ஆண்மக்களுக்கோ அதற்குப் பிந்திய வயதில்தான் வரி. பிறப்புச் சான்று இல்லாத காலமாதலால், வயதைக் கண்டறிவதாகக் கூறி வரி தண்டுவோர் சிறுமியரின் ஆடையைக் களைந்து பார்த்த கொடுமையும் நிகழ்ந்தது. வரி கட்டத் தவறியோர் தண்டிக்கப்பட்டனர். அவ்வாறு வரி செலுத்திய பெண்களுக்கு ஆட்சி மன்றத்தில் ஓர் இடமும் இல்லை, வாக்குரிமையும் இல்லை.

இவ்வகை எதிர்ப்பு நைஜீரியாவிற்குப் புதியதன்று. 1929இல் கிழக்கு நைஜீரியாவில் பெண்கள்மீது வரி விதிக்கப்படும் என்னும் செய்தி பரவியபோது இக்போ, இபிபியோ இனப் பெண்கள் பெருந்திரளாக எழுந்தனர். அரசின் துப்பாக்கிச் சூட்டில் 50க்கும் மேற்பட்ட பெண்கள் உயிரிழந்தனர். அப்போதைய தலைநகரான இலாகோசில் அலிமோட்டு பெலெவுரா என்னும் மீன் வணிகர் சந்தைப் பெண்களைத் திரட்டி வரியை எதிர்த்துவந்தார். அபியோகுட்டாப் பெண்களின் போராட்டம் இந்த நெடிய வரிசையில் வைத்து எண்ணத்தக்கது.

உடையும் மொழியும்

பெண்கள் சங்கம் உருவான காலந்தொட்டு ஃபுன்மிலாயோ ஐரோப்பிய உடையைத் துறந்தார். சந்தைப் பெண்கள் உடுத்தும் யொரூபா மேலாடையையும் தலைத்துணியையும் அணிந்தார். சங்கக் கூட்டங்களில் யொரூபா மொழியிலேயே உரையாற்றினார். ஆங்கிலத்தில் தேர்ச்சி மிக்க அவர், ஆங்கில அலுவலர்கள் முன்னிலையிலும் யொரூபாவிலேயே பேசினார். அவர் பேச்சை அறிய அலுவலர்கள் மொழிபெயர்ப்பாளரை நாட வேண்டியதாயிற்று.

இதன் பொருள் ஆழமானது. காலனி ஆட்சியில் ஆங்கில உடையும் ஆங்கில மொழியும் அதிகாரத்தின் அடையாளங்கள். அவற்றை உடையவர் மேலோர், இல்லாதவர் கீழோர். படித்த ஒருவர் அவற்றை அணிந்துகொண்டு ஏழைப் பெண்களுக்காகப் பேசினால், அப்பெண்கள் தம் வழக்கைத் தாமே கேட்டறிய முடியாத நிலை ஏற்படும். யொரூபாவில் பேசியபோது கூட்டத்தின் கடைசி வரிசையில் நின்ற காய்கறி வணிகரும் ஒவ்வொரு சொல்லையும் அறிந்தார். தேவையானபோது மறுத்துரைக்கவும் முடிந்தது. மொழியைத் தேர்ந்ததன் வழியே பேச்சின் அதிகாரத்தையும் அவர் பகிர்ந்தளித்தார்.

எனினும் மேலைக் கல்வி தந்த கருவிகளை அவர் வெறுத்தொதுக்கவில்லை. விண்ணப்பங்கள் வரைந்தார், நாளிதழ்களுக்கு எழுதினார், வழக்குரைஞரின் உதவியை நாடினார். உள்ளூர் ஆட்சியின் வரவு செலவுக் கணக்கை ஆராயச் சங்கத்தின் சார்பில் கணக்காய்வாளரை அமர்த்தினார். பெண்கள்மீதான வரியை நீக்கி, அதற்கு ஈடாக அயல்நாட்டு வணிக நிறுவனங்கள்மீது வரி விதிக்கலாம் எனச் சங்கம் மாற்று வழியையும் முன்வைத்தது.

அரண்மனை வாயிலில்

முறையீடுகள் பலமுறை தள்ளப்பட்டன. ஃபுன்மிலாயோ வரி செலுத்த மறுத்துச் சட்ட நடவடிக்கைக்கு ஆளானார். 1947இல் நைஜீரியாவின் புதிய அரசமைப்பை எதிர்த்து முறையிட இலண்டன் சென்ற நைஜீரியா, கேமரூன் தேசிய மன்றக் குழுவில் அவர் ஒருவரே பெண். அங்கே ஓர் ஆங்கில நாளிதழில் கட்டுரை எழுதினார். ஆங்கில ஆட்சிக்கு முன் நைஜீரியப் பெண்களுக்குச் சமூகத்திலும் ஆட்சியிலும் பங்கு இருந்தது என்றும், அவ்வாட்சி அதனைப் பறித்தது என்றும் அக்கட்டுரையில் வாதிட்டார். தாயகத்தில் ஆட்சியாளர்கள் சினந்தனர். சங்கப் பெண்கள் அவர் பக்கமே நின்றனர்.

அவ்வாண்டு நவம்பர் 29ஆம் நாள் 10,000க்கும் மேற்பட்ட பெண்கள் அலாகேயின் அரண்மனை முன் திரண்டனர். இரவு முழுவதும் கலையாது அமர்ந்து, அரசரை எள்ளி நகையாடும் பாடல்களைப் பாடினர். யொரூபா மரபில் அத்தகைய பாடல் அரசருக்கு நேரும் பெருத்த இழுக்கு. டிசம்பரில் மீண்டும் திரண்டனர். சந்தைகள் அடைக்கப்பட்டன. ஊர்வலத்திற்கு அரசு இசைவு தர மறுத்தபோது, பெண்கள் தம் கூட்டங்களை விழா என்றும் உண்டாட்டு என்றும் பெயரிட்டு நடத்தினர். கண்ணீர்ப்புகைக் குண்டுகளை அஞ்சாது எதிர்கொள்வது எவ்வாறு என ஃபுன்மிலாயோ தம் வீட்டு வளாகத்தில் பெண்களுக்குப் பயிற்சி அளித்தார்.

அப்போது சிறுவராக இருந்து அந்நாள்களை நேரில் கண்டவர், உறவினரான வோலே சோயிங்கா. பின்னாளில் இலக்கியத்திற்கான நோபல் பரிசு பெற்ற முதல் ஆப்பிரிக்கர் என்னும் சிறப்பை 1986இல் எய்திய அவர், 1981இல் வெளியான தம் இளமைக்கால வரலாற்று நூலில் இப்பெண்களின் எழுச்சியை விரிவாகப் பதிவுசெய்துள்ளார்.

1948இல் பெண்கள்மீதான தனி வரி நிறுத்தப்பட்டது. குடித்தலைவர்களும் அரசருக்கு எதிராகத் திரும்பினர். அலாகே நகரைவிட்டு வெளியேறினார். 1949 ஜனவரி 3ஆம் நாள் அரியணை துறந்தார். ஆட்சியைக் கவனிக்க அமைந்த இடைக்கால மன்றத்தில் ஃபுன்மிலாயோ உள்ளிட்ட நான்கு பெண்கள் இடம்பெற்றனர்.

வெற்றியின் எல்லை

போராட்டத்தின் வெற்றியோடு வரலாறு நின்றுவிடவில்லை. 1950ஆம் ஆண்டின் இறுதியில் அடெமோலா மீண்டும் அரண்மனை திரும்பினார். பெண்களின் திரள் அரசரை அகற்ற வல்லதாயிற்று. ஆனால் அவரைத் தாங்கிநின்ற ஆட்சியமைப்பை முற்றும் மாற்ற அதனால் இயலவில்லை.

ஃபுன்மிலாயோ தம் களத்தை விரிவுபடுத்தினார். 1949இல் பெண்கள் சங்கம் நைஜீரியப் பெண்கள் சங்கமாக விரிந்தது. 1953இல் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் பெண் பேராளர்கள் அபியோகுட்டாவில் கூடி நைஜீரியப் பெண்கள் அமைப்புகளின் கூட்டமைப்பை உருவாக்கினர். வாக்குரிமையும் சட்டமன்றங்களில் பெண்களுக்கு இடமும் அதன் கோரிக்கைகள். வட நைஜீரியாவின் பெண்ணுரிமைப் போராளி காம்போ சவாபா, அபியோகுட்டாவிற்கு வந்து அவரைச் சந்தித்து ஊக்கம் பெற்றார்.

விடுதலைக்காகப் போராடிய அரசியல் கட்சிகள் பெண்களின் உழைப்பை வரவேற்றன. ஆனால் பெண்களின் தலைமையை வரவேற்கத் தயங்கின. 1951 தேர்தலில் போட்டியிட்ட ஃபுன்மிலாயோ தோல்வியுற்றார். 1959இல் அவரது கட்சி அவருக்கு வாய்ப்பளிக்க மறுத்தது. தனித்து நின்று போட்டியிட்டார், பின்னர்ப் பொதுமக்கள் கட்சி என்னும் புதிய கட்சியையும் தொடங்கினார், வெற்றி கிட்டவில்லை. அரசரை எதிர்த்தபோது அவரோடு நின்ற ஆண்கள் பலர், ஆட்சியில் பங்கு கேட்டபோது விலகிநின்றனர். 1960இல் நாடு விடுதலை பெற்றது. தெற்குப் பகுதிகளில் 1950களில் பெண்கள் பெற்ற வாக்குரிமை, வடபகுதிப் பெண்களுக்கு 1976இல்தான் கிடைத்தது. நாட்டின் விடுதலையும் பெண்ணின் விடுதலையும் ஒரே நாளில் வந்துவிடுவதில்லை என்பதற்கு இது சான்று.

கடல் கடந்த பணி

1955இல் கணவர் மறைந்தார். துயரத்திற்கிடையிலும் ஃபுன்மிலாயோ பணியைத் தொடர்ந்தார். உலக சனநாயக மகளிர் கூட்டமைப்பின் துணைத்தலைவர்களுள் ஒருவராக விளங்கினார். கிழக்கு ஐரோப்பிய நாடுகளுக்கும் சோவியத் ஒன்றியத்திற்கும் சீனாவிற்கும் பயணம் செய்தார். அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் பகைத்துநின்ற பனிப்போர்க் காலம் அது. அவர் பொதுவுடைமைக் கட்சியின் உறுப்பினர் அல்லர். ஆயினும் அந்நாடுகளோடு தொடர்புகொண்டமையால் 1950களின் பிற்பகுதியில் அவரது கடவுச்சீட்டைப் புதுப்பிக்க அரசு மறுத்தது. அமெரிக்காவும் நுழைவிசைவு தர மறுத்தது.

காலப்போக்கில் சிறப்புகளும் வந்தன. 1965இல் நைஜீரிய அரசு நாட்டுச் சிறப்பு விருது வழங்கியது. 1968இல் இபாதான் பல்கலைக்கழகம் மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது. 1970இல் சோவியத் ஒன்றியத்தின் லெனின் அமைதிப் பரிசைப் பெற்றார்.

இறுதிக் காலம்

மகன் ஃபெலா உலகறிந்த இசைக்கலைஞரானார். இராணுவ ஆட்சியின் கொடுமைகளை அவர் பாடல்களில் அஞ்சாது சாடினார். 1970களில் அவர் ரன்சம் என்னும் ஆங்கிலப் பெயரை நீக்கி, சாவைத் தன் பைக்குள் வைத்திருப்பவர் எனப் பொருள்படும் அனிகுலாப்போ என்னும் பெயரை ஏற்றார். அன்னையும் அப்பெயரையே ஏற்றார். இளமையில் பிரான்சிஸ் என்னும் பெயரைத் துறந்தவர், முதுமையில் ரன்சம் என்னும் பெயரையும் துறந்தார்.

1977 பிப்ரவரி 18ஆம் நாள் ஏறத்தாழ ஆயிரம் படைவீரர்கள் இலாகோசில் இருந்த ஃபெலாவின் வீட்டைத் தாக்கித் தீயிட்டனர். அங்கிருந்த 76 வயது மூதாட்டி மாடிச் சாளரத்திலிருந்து தூக்கியெறியப்பட்டார். அக்காயங்களிலிருந்து அவர் மீளவில்லை. 1978 ஏப்ரல் 13ஆம் நாள் இயற்கை எய்தினார். அரசின் விசாரணை, தாக்குதலைச் செய்தவர்கள் யாரென அறியப்படாத வீரர்கள் எனக் கூறி முடிந்தது. எவரும் தண்டிக்கப்படவில்லை.

அபியோகுட்டாவில் அவரது உடல் கணவரின் கல்லறையிலேயே அடக்கம் செய்யப்பட்டது. அந்நாளில் நகரின் சந்தைகள் அடைக்கப்பட்டன. முப்பது ஆண்டுகளுக்கு முன் வரியை எதிர்த்து அடைக்கப்பட்ட அதே சந்தைகள், அன்று தம் தலைவிக்காக அடைக்கப்பட்டன.

வாழ்க்கை தரும் சிந்தனை

பெண்ணியம் மேலைநாட்டிலிருந்து இறக்குமதியானது என்னும் கருத்து பலரிடம் உண்டு. ஃபுன்மிலாயோவின் வாழ்க்கை அதனை மறுக்கிறது. அவரது போராட்டம் அரிசிக்கூடையிலும் வரிச்சீட்டிலும் தொடங்கியது. தம் பாட்டியர் அமர்ந்த இருக்கையைத் திருப்பிக் கேட்பதாகவே அவர் அதனைக் கண்டார். ஆப்பிரிக்கப் பெண்ணைக் காலனி ஆட்சி, உள்ளூர் அரசதிகாரம், ஆணாதிக்கம், வறுமை ஆகிய நான்கும் ஒருசேர அழுத்தின. ஒன்றை விட்டு ஒன்றை எதிர்ப்பதால் பயனில்லை என்னும் தெளிவு, பிற்கால ஆப்பிரிக்கப் பெண்ணியச் சிந்தனையாளர்கள் பலரிடமும் காணப்படும் அடிப்படையாகும்.

அடையாளம் என்பது பிறப்பால் அமைந்து அப்படியே கிடப்பதன்று என்பதையும் அவர் வாழ்ந்து காட்டினார். பெயர், உடை, மொழி ஆகிய மூன்றையும் ஆராய்ந்து தேர்ந்தார். அத்தேர்வு பழம்பெருமை பேசுவதற்காக அன்று. யாரோடு நிற்கிறோம் என்பதை அறிவிப்பதற்காக. கல்வி அவரைச் சந்தைப் பெண்களிடமிருந்து உயர்த்தி விலக்கியிருக்கக்கூடும். அவரோ அக்கல்வியை அவர்களுடைய கணக்கைப் படிக்கவும், அவர்களுடைய விண்ணப்பத்தை எழுதவும், அவர்களை எழுதப் படிக்கக் கற்பிக்கவும் பயன்படுத்தினார்.

அவர் தோற்ற தேர்தல்கள் பல. அவர் அகற்றிய அரசரும் திரும்பிவந்தார். ஆயினும் வரி கொடுப்பவருக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு என்பதை அறிந்த பெண்கள், அதனை மறக்கவில்லை. ஒரு நகரின் சந்தைப் பெண்கள் அவ்வறிவைப் பெற்றதே ஃபுன்மிலாயோ விட்டுச்சென்ற பெருஞ்செல்வம்.

கற்பவை கற்றபின்...

1. ஃபுன்மிலாயோ தம் பெயர், உடை, மொழி ஆகியவற்றைத் தேர்ந்த முறை அவரது போராட்டத்திற்கு எவ்வாறு துணைசெய்தது என்பதை வகுப்பில் கலந்துரையாடுக.
2. மறைமுக ஆட்சியால் யொரூபாப் பெண்கள் இழந்தவற்றைத் தொகுத்து எழுதுக.
3. உங்கள் ஊர்ச் சந்தையில் வணிகம் செய்யும் பெண் ஒருவரைச் சந்தித்து, அவர் எதிர்கொள்ளும் சிக்கல்களைக் கேட்டறிந்து, அதிகாரிக்கு அனுப்பத்தக்க விண்ணப்பம் ஒன்றை அவர் கூறும் சொற்களிலேயே எழுதுக.